மூன்று கட்டைக் குறைபாடு

"மிச்ச மூணு கட்டையையும் குடுங்க."

இப்படி ஒரு குரல் எழுந்ததும் பரிசோதகர் அம்மாள் கையிலிருந்த நிறுத்துக் கடிகாரத்தை நிறுத்தினார். அது இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை. இருந்தும் நிறுத்தினார்.

"என்ன கேட்டீங்க?"

"கட்டை. பெட்டி மேல பத்துன்னு போட்டிருக்கு. உள்ள ஏழுதான் இருக்கு. மிச்சத்தைக் குடுங்கன்னேன்."

கேட்டவள் மடியில் உட்கார்ந்திருந்த மூன்று வயது அக்கா மகள், பெரியவர்கள் சண்டை போடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

கட்டை கேட்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே இந்தச் சித்தியைப் பதினைந்து வருடமாக வளர்த்திருந்தார்கள். ஏழு வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்தபோது அவள் முதலில் படித்தது பாடப் புத்தகத்தை அல்ல, இந்தப் பெட்டியின் மூடியைத்தான். 'பத்து வண்ணக் கட்டைகள்' என்று அதில் இருந்தது. கேட்கலாம் என்று வாயைத் திறந்தாள். அம்மா மேசைக்கு அடியில் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"அங்க போய் எதையும் கேக்காதேடி. கேட்டா எழுதிடுவாங்க" என்று வீடு வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தாள்.

கேட்காமலேயே எழுதிவிட்டார்கள். 'காரணமின்றி வாயைத் திறந்து மூடுகிறாள். பிறப்பின்போது ஏற்பட்ட மூச்சுத் தடையின் விளைவாக இருக்கலாம்.'

பிறப்புச் சிக்கல்களும் குழந்தை வளர்ச்சியும் பற்றிய நெடுங்கால ஆய்வு மையம் என்பது அந்த இடத்தின் முழுப்பெயர். ஊரில் கட்டை ஆபீஸ் என்பார்கள். அதற்கு இரண்டு கதவுகள். கர்ப்பத்தில் அம்மாவுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, குறைமாதம், கொடி சுற்றியது, அழத் தாமதமானது என்று ஏதாவது ஒன்றோடு பிறந்த குழந்தைகள் இடது கதவில் போக வேண்டும். அது சிக்கல் பிரிவு. எந்தத் தொந்தரவும் தராமல் பிறந்தவர்கள் வலது கதவில் போவார்கள். அது சுமுகப் பிரிவு. இரண்டு பிரிவையும் வருடா வருடம் ஒரே மாதிரி சோதித்து, சிக்கலாகப் பிறந்தவர்கள் எங்கே பின்தங்குகிறார்கள் என்று கண்டுபிடிப்பது மையத்தின் வேலை. வலது பக்கம் காத்திருக்க நாற்காலி உண்டு. இடது பக்கம் பெஞ்சு. அதையும் குழந்தைகள் வளர்ச்சியில் சேர்த்துக்கொள்வார்களா என்று யாரும் கேட்டதில்லை.

அவள் கழுத்தில் கொடி இரண்டு சுற்றுச் சுற்றி, நாலு நிமிடம் கழித்து அழுதவள். சிக்கல் பிரிவு, எண் நூற்றுப் பதினெட்டு. வீட்டிலும் அதே பேர் ஒட்டிக்கொண்டது. கோபம் வந்தால் அக்கா, "ஏய் நூத்திப் பதினெட்டு!" என்பாள். கோபம் இல்லாவிட்டாலும் அதுதான்.

ஆய்வின் முதல் விதி, அளக்கும் கருவி மாறக் கூடாது. அதனால் மூன்று வயதில் வைத்த சோதனையைத்தான் இருபத்திரண்டு வயதிலும் வைத்தார்கள். கட்டை அடுக்க வேண்டும். பந்தைப் பிடிக்க வேண்டும். மூக்கைக் காட்ட வேண்டும். கல்லூரி இரண்டாம் ஆண்டில், பரீட்சைக்கு மறுநாள் தூக்கக் கலக்கத்தோடு வந்தவளிடம், "கண்ணு, மூக்கு எங்க இருக்கு?" என்று கேட்டார்கள்.

"யாரோடது?" என்று கேட்டாள்.

'மூக்கை அடையாளம் காண்பதில் தடுமாற்றம்' என்று பதிவானது.

நாலு வயதிலிருந்து அவள் பந்தைத் தவறவிட்டுக்கொண்டிருந்தாள். ஐந்து வருடம் அதை ஒழுங்காகக் குறித்துவைத்தார்கள். கண்ணாடி போட்டால் பந்து தெரியும் என்று ஒன்பதாவது வயதில் பள்ளிக்கூடத்து டீச்சர்தான் சொன்னாள். கண்ணாடியோடு வந்து பந்தைப் பிடித்ததும் மையத்தில் ஒரே கலவரம். தங்களைக் கேட்காமல் குழந்தையைச் சரிசெய்துவிட்டதாக அம்மாவைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். "நாங்க கவனிக்கிறவங்கம்மா, தலையிடறவங்க இல்ல. தலையிட்டா தரவு கெட்டுடும்" என்றார்கள்.

அவள் புள்ளியியலில் பட்டம் வாங்கினாள். அப்பா மூட்டை தூக்கியவர். அம்மா தையல் கூடத்தில் பொத்தான் ஓட்டை போட்டவள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவள். அன்றைக்கு வந்த ஒரே வாழ்த்துக் கடிதம் மையத்திலிருந்து வந்தது. அதில், 'தங்கள் பட்டம் எங்கள் கணிப்போடு பொருந்தவில்லை. மறுபரிசீலனை செய்யுமாறு பல்கலைக்கழகத்துக்கு எழுதியுள்ளோம்' என்று இருந்தது.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே தாண்டி வந்துவிட்டாள். அம்மா தாண்டவில்லை. வலி எடுக்கிற வரைக்கும் மெஷினில் உட்கார்ந்திருந்ததால்தான் பெண்ணுக்கு மூன்று கட்டை குறைந்துபோனது என்று அவள் பத்தொன்பது வருடமாக நம்பிக்கொண்டிருந்தாள். இப்போது அதே வியாதி அக்காவுக்கும் தொற்றியிருந்தது. அக்கா மருந்துக் கடையில் நின்றுகொண்டே வேலை பார்ப்பவள். குழந்தை ஏழு வாரம் முன்னதாகப் பிறந்தது. "நான் நிக்காம இருந்திருந்தா..." என்று ஆரம்பிப்பாள். நிற்காமல் இருந்திருந்தால் வேலை இருந்திருக்காது. அந்த வாக்கியத்தை அவள் முடித்ததே இல்லை.

இன்றைக்குக் குழந்தைக்கு முதல் சோதனை. தெருக்கோடியில் இருக்கிற மழலையர் பள்ளி மையத்தின் சான்றிதழ் இல்லாமல் இப்படிப் பிறந்த பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. எட்டு கட்டையோ அதற்கு மேலோ அடுக்கினால் அங்கே இடம் உண்டு. ஏழு என்றால் ஊரின் மறுகோடியில் தனிக் கவனிப்புப் பள்ளி. தனிக் கவனிப்பு என்றால் தனியாக உட்காரவைத்துக் கவனிப்பது. கற்றுக்கொடுப்பதெல்லாம் தலையீட்டில் சேரும். இரண்டு பஸ் மாறிக் கொண்டுபோய் விட வேண்டும், மதியம் கூட்டிவர வேண்டும். அக்காவின் வேலை அதோடு போய்விடும். சான்றிதழைப் பள்ளியில் கொடுக்க இன்று நாலு மணிதான் கெடு. இடது கதவில் போனவர்கள் யாரும் இதுவரை எட்டு வாங்கியதில்லை.

"நானா தர மாட்டேங்கறேன்?" என்றார் பரிசோதகர் அம்மாள், குரலைத் தாழ்த்தி. "பத்தொன்பது வருஷமா இந்த ஏழைத்தான் துடைச்சு துடைச்சு வைக்கறேன். ஸ்டோர்ல போய்க் கேளுங்க."

ஸ்டோர் அதே வராந்தாவில் இருந்தது. ஸ்டோர்க்காரர் மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு, கண்ணில் எதுவும் இல்லாமல் பேரேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டாவது கட்டையா? குழந்தை எட்டு அடுக்கும்கிறதுக்குச் சான்று இருக்கா?"

"எட்டாவது கட்டை இல்லாம எப்படிங்க எட்டு அடுக்கும்?"

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். எட்டு அடுக்காத குழந்தைக்கு எதுக்கு எட்டாவது கட்டை?"

"வலது பக்கம் பத்தும் இருக்கா?"

"அங்க பத்து அடுக்கறாங்க. அதனால இருக்கு."

"பத்து இருக்கு, அதனால அடுக்கறாங்க."

ஸ்டோர்க்காரர் முதன்முறையாகக் கண்ணாடியைக் கீழே இறக்கி அவளைப் பார்த்தார். "நீங்க எந்தக் கதவு?"

"இடது."

"அதான்" என்று திருப்தியாகத் தலையாட்டினார். "வேணும்னா இயக்குநரைப் பாருங்க. கட்டை விஷயம் கொள்கை விஷயம்."

என்ன நடக்கிறது என்று பார்க்க பரிசோதகர் அம்மாளும் ஏழு கட்டைப் பெட்டியை இடுக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். குழந்தை பந்தை எடுத்துக்கொண்டாள்.

இயக்குநரின் அறையில் சுவர் கண்ணுக்குத் தெரியவில்லை. பதினொரு நாடுகளில் அவர் மாலையோடும் மைக்கோடும் நின்ற படங்கள் மாட்டியிருந்தன. எல்லாப் படத்திலும் பின்னால் ஒரே வாசகம்: 'மூன்று கட்டைக் குறைபாடு: ஒரு மாபெரும் கண்டுபிடிப்பு'. மூலையில் ஒரு பழைய இரும்பு பீரோ கோப்புகளைத் திணித்துத் திணித்துக் கதவு உப்பிப்போய் நின்றது.

"நூத்திப் பதினெட்டு! எவ்வளவு வளந்துட்டே!" என்று அவர் எழுந்துகொண்டார். "நம்ம குழந்தைங்க வளர்றதைப் பாத்தா எனக்கு எப்பவும் ஆச்சரியமா இருக்கும். எதிர்பார்க்கவே மாட்டேன்."

அவள் விஷயத்தைச் சொன்னாள். கத்தாமல்தான் சொல்ல நினைத்தாள். பாதியில் குரல் அதுவாகவே ஏறிவிட்டது.

இயக்குநர் கனிவோடு கேட்டுக்கொண்டார். "இப்ப உனக்குக் கோவம் வருது பார், அது நீ இல்லம்மா. அது கொடி."

"கொடி நாலு நிமிஷம்தான் சார் கழுத்தைப் பிடிச்சுது. நீங்க இருபத்திரண்டு வருஷமா விடல."

"அருமை. இதைக் குறிச்சுக்கறேன்" என்று உண்மையாகவே குறித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் குழந்தை கையிலிருந்த பந்து நழுவி, உருண்டு, பீரோவுக்கு அடியில் போயிற்று. அவள் தரையில் குப்புறப் படுத்துத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"சித்தி, பச்சை."

"பந்து நீலம்டா."

"பந்து இல்ல. பச்சை. சிவப்பு. மஞ்சள்."

சித்தியும் மண்டியிட்டுக் குனிந்தாள். பீரோவுக்கு மூன்று கால்கள்தான் இருந்தன. நாலாவது கால் ஒடிந்த இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரு தூசி விலகாமல், மூன்று மரக்கட்டைகள் நின்றன. அடியில் பச்சை, நடுவில் சிவப்பு, மேலே மஞ்சள்.

 பரிசோதகர் அம்மாள் கையிலிருந்த பெட்டியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார், இன்னமும் ஏழுதானா என்று.

"ஓ, அதுவா?" என்றார் இயக்குநர். "இருபது வருஷம் இருக்கும். ஃபைல் பாரம் தாங்காம கால் போயிடுச்சு. புதுக் கால் கேட்டு எழுதினோம். வர்ற வரைக்கும் தற்காலிகமா வெச்சோம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? அறிவியல்ல எதையும் மறைக்கக் கூடாதும்மா. ஒவ்வொரு வருஷ அறிக்கையிலயும் போட்டுட்டுதான் வர்றோம். அடிக்குறிப்பு நாப்பத்தொண்ணு." ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் புரட்டி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "'இடது பிரிவின் மூன்று கட்டைகள் மாற்றுப் பணியில் உள்ளன.'"

"அப்ப ஒரு வார்த்தை சொல்லி எடுத்துப் போட்டிருக்கலாமே சார்!"

"எப்படிப் போட முடியும்?" இயக்குநர் அவளுக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டார். "நீ புள்ளியியல் படிச்சவ, உனக்குப் புரியணும். பாதியில கருவியை மாத்தினா ஆய்வு செத்துடும். யோசிச்சுப் பார். இன்னிக்குப் பத்து கட்டையும் குடுத்துட்டேன்னு வை. ஒரே நாள்ல ஆயிரத்து இருநூறு குழந்தைங்க கெட்டிக்காரங்களாயிடுவாங்க. இருபது வருஷமா அவங்க அப்படி இல்லைன்னு நான் பதினொரு நாட்டுல பேசியிருக்கேன். எனக்காகச் சொல்லல. அந்த நாடுகளுக்கு யார் பதில் சொல்றது?"

"ஒரு காதுல கேக்காத பையன் ஒருத்தன் என்கூட பெஞ்சுல உக்காந்திருப்பான் சார். அவனுக்கு நிஜமாவே உதவி வேணும். ஏழு வருஷமா 'ஒரு காது கேட்கவில்லை'ன்னு எழுதினீங்க. ஒருத்தரும் ஒரு டாக்டர் பேர் சொல்லல."

"அழகான தரவு அவன்" என்றார் இயக்குநர். "ஏழு வருஷமும் ஒரே மாதிரி."

 அவள் பீரோவின் மூலைக்குப் போனாள். முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்துப் பாரத்தைத் தொடையில் வாங்க வேண்டும் என்று அப்பா கற்றுக்கொடுத்திருந்தார். வாங்கினாள். பீரோ முனகிக்கொண்டு ஒரு விரற்கடை எழும்பியது.

"அம்மா, அந்த அறிக்கைங்களை இங்க அடியில வையுங்க!" என்றாள்.

பரிசோதகர் அம்மாள் இயக்குநரைப் பார்த்தார். பிறகு பத்தொன்பது வருடத்தையும் ஒரே மூச்சில் விட்டதுபோல ஒரு பெருமூச்சு விட்டு, மேசையிலிருந்த மூன்று ஆண்டறிக்கைகளைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டைகளை உருவி அந்த இடத்தில் சொருகினார். உயரம் அச்சு அசலாக இருந்தது. பீரோ முன்பைவிட உறுதியாக நின்றது. ஆண்டறிக்கைகள் ஒரு வேலைக்கு ஆனது அன்றைக்குத்தான்.

பத்துக் கட்டைகளும் இயக்குநரின் மேசைமேல் ஏறின. பரிசோதகர் அம்மாள் கடிகாரத்தை எடுத்தார்.

குழந்தை பத்தையும் வரிசையாக வைத்தாள். "ரயில்" என்றாள்.

"ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கு, கண்ணு."

"ரயில் மேல ரயில் போகாது."

 இத்தனை ஆர்ப்பாட்டம் பண்ணிவிட்டு, கடைசியில் 'அடுக்கவில்லை' என்று எழுதி வாங்கிக்கொண்டு போனால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது? சித்திக்கு ஒரு யோசனை தோன்றியது. "ரயில் வந்தா ஜனங்க ஏறி உக்கார ஸ்டேஷன் வேணாமா? மாடி வெச்ச ஸ்டேஷன்?"

குழந்தை யோசித்தாள். ரயிலைக் கலைத்தாள். நாக்கின் நுனியை வெளியே நீட்டிக்கொண்டு கட்ட ஆரம்பித்தாள். ஐந்து. ஆறு. ஏழாவதை வைக்கும்போது ஸ்டேஷன் ஆடியது. இரண்டு கையாலும் அணைத்து அதற்கு "சும்மா இரு" என்று சொன்னாள். எட்டு. அந்த மையத்தின் இடது பக்க வரலாற்றில் அப்படி ஒரு எண் இல்லை.  ஒன்பது. பத்தாவது மஞ்சள் கட்டையைக் கையில் எடுத்து, ஸ்டேஷனை ஒரு தடவையும் இயக்குநரை ஒரு தடவையும் பார்த்து, அதை அவரிடம் நீட்டினாள்.

"இது உனக்கு."

இயக்குநர் வாங்கிக்கொண்டார். வாங்காமல் என்ன செய்வார்?

"ஒன்பது" என்றார் பரிசோதகர் அம்மாள்.  பேனாவை எடுத்துச் சான்றிதழ்த் தாளைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"என்னம்மா?"

"கட்டம் இல்லீங்க."

தாளில் ஒன்றிலிருந்து ஏழு வரைதான் கட்டங்கள் அச்சாகியிருந்தன. இடது பிரிவுக்கு மேற்கொண்டு தேவைப்படாது என்று காகிதத்தை மிச்சம் பிடித்திருந்தார்கள்.

"பாத்தியா?" என்றார் இயக்குநர், தெம்பு திரும்பி. "கட்டம் இல்லாத இடத்துல அறிவியல் எழுத முடியாது."

பரிசோதகர் அம்மாள் மேசையிலிருந்த ஸ்கேலை எடுத்தார். ஏழாவது கட்டத்துக்குப் பக்கத்தில் கோணாமல் இரண்டு கட்டம் போட்டார். ஒன்பதாவதில் டிக் அடித்தார். கீழே தன் கையெழுத்தைப் போட்டுத் தாளை இயக்குநர் பக்கம் நகர்த்தினார்.

இயக்குநர் பேனாவைத் தொடவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். இப்போது குரலில் மாலையும் மைக்கும் இல்லை.

"இதுல நான் கையெழுத்துப் போட முடியாது. ஆனா உனக்கு ஒரு வழி சொல்றேன். இந்தக் குழந்தையைச் சுமுகப் பிரிவுக்கு மாத்திடறேன். ஏழு வாரம் முன்னாடி பிறந்தது சுமுகம்தான்னு எழுதிடலாம், நாங்க எழுதினா அது சுமுகம்தான். ஒன்பது என்ன, பத்துன்னே போட்டு, முத்திரை குத்தி, அஞ்சு நிமிஷத்துல குடுத்துடறேன். நாலு மணிக்குள்ள பள்ளிக்கூடத்துல குடுத்துடு. நீ 'கட்டை எதுவும் கேட்கப்படவில்லை'ன்னு ஒரு கையெழுத்துப் போட்டா போதும். கட்டையும் பழைய இடத்துக்குப் போயிடட்டும்."

"வெளியில இருக்கிறவங்க?"

"அவங்க கேக்கலையேம்மா."

அவள் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னடி, ஏழா?" என்றாள் அக்கா, ஹலோகூடச் சொல்லாமல்.

"ஒன்பது. பத்தாவதை இயக்குநருக்குக் குடுத்துட்டா."

"விளையாடாதே, நூத்திப் பதினெட்டு."

"சத்தியமாக்கா. மூணு கட்டையை பீரோவுக்கு முட்டுக் குடுத்து வெச்சிருந்தாங்க. இருபது வருஷமா. எனக்கும் அதான், எல்லாருக்கும் அதான். நீ நின்னதால ஒண்ணும் குறையல."

 இருமல் மருந்துக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். அப்புறம் அக்கா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. இயக்குநர் சொன்ன வழியை இவள் நாலு வாக்கியத்தில் சொன்னாள். "உன் பொண்ணு, உன் வேலை. நீ சொல்லு."

"பெஞ்சுல எத்தனை பேர் உக்காந்திருக்காங்க?"

"பதினாலு பேர்."

"அப்ப எதுக்குடி எனக்கு போன் பண்றே?" என்று சொல்லிவிட்டு அக்கா, "இதோ வரேங்க, இருமல் மருந்துதானே" என்று போனை வைத்தாள்.

இயக்குநர் நீட்டிய தாளை அவள் தொடவில்லை. ஸ்கேல் போட்ட சான்றிதழை மட்டும் மடித்துப் பையில் வைத்தாள். பச்சையையும் சிவப்பையும் எடுத்துக்கொண்டாள். கையை நீட்டினாள்.

"மிச்சக் கட்டையைக் குடுங்க, சார்."

அவர் உள்ளங்கையில் இருந்த மஞ்சள் கட்டையை அப்போதுதான் பார்ப்பதுபோலப் பார்த்தார். கொடுத்தார்.

பரிசோதகர் அம்மாள் ஏழு கட்டைகளையும் பெட்டியில் போட்டு மூடி, மூடியில் இருந்த 'பத்து' என்ற எழுத்தைப் புடவைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்தார். "அடுத்தவங்களைக் கூப்பிடவா, சார்?" என்றார், யாரையும் பார்க்காமல்.

வராந்தாவில் பெஞ்சின் முதல் இடத்தில் ஒரு தாய், மடியில் தூங்குகிற பையனோடு உட்கார்ந்திருந்தாள். அவன் தலைமுடியைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தாள். அவள் மடியில் மூன்று கட்டைகளையும் வைத்தாள் சித்தி.

"உள்ள போகும்போது இதையும் கொண்டுபோங்க. மொத்தம் பத்து இருக்கணும். எண்ணிப் பாத்துட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்க. முடிஞ்சதும் அடுத்தவங்களுக்குக் குடுத்துடுங்க."

அந்தத் தாய் கட்டைகளைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் நகர்ந்து வந்து பார்த்தார்கள்.

"இதெல்லாம் அங்க கேக்கலாமாங்க?"

"நான் கேட்டேன்."

மணி மூன்றே கால். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். அவசரத்தில் இடது கதவா வலது கதவா என்று பார்க்கவில்லை.

"சித்தி, ஸ்கூல்ல கட்டை இருக்குமா?"

சான்றிதழில் ஒரு கையெழுத்துதான் இருந்தது. இரண்டு இருக்க வேண்டும். தலைமை ஆசிரியை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பாள், வாங்க மாட்டேன் என்பாள். சொல்லட்டும். அந்த மேசைமேல் டப்பா, டஸ்டர், சாக்பீஸ் பெட்டி, வருகைப் பதிவேடு என்று குழந்தை அடுக்கிக் காட்டுவதற்கு ஏதாவது பத்து இல்லாமலா போகும்?

"இருக்கும்டா" என்றாள். "இல்லேன்னா கேப்போம்."